கை விட்டால் நிற்க வேண்டும்

சிறு தண்டவாள வண்டிக்கு ஒரு பாதுகாப்பு லீவர்: மலைச்சரிவில் மீண்டும் குடியேறிய குடும்பங்களோடு ஒரு பகிர்வு

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் பெருந்தெருவில் எட்டியாந்தோட்டையைக் கடந்தால் கித்துல்கல வரும். ஒரு பக்கம் களனி கங்கை, மறுபக்கம் தேயிலையும் இறப்பரும் கித்துல் மரங்களும். வெளிநாட்டவர் பலர் இங்கே வருவது ஒரு பாலத்தைத் தேடித்தான். ஆனால் அந்தப் பாலம் இங்கே இல்லை. ஆற்றோரத்தில் எஞ்சியிருப்பவை அதன் கொங்கிறீற் அடித்தளங்கள் மட்டுமே. டேவிட் லீன் இயக்கிய 'குவாய் ஆற்றுப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காக மரத்தால் கட்டப்பட்டு, 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பாலம் அது.

அந்தப் படத்தின் கதை எமக்கு இங்கு முக்கியமல்ல. படப்பிடிப்பின்போது நடந்த ஒரு சம்பவமே முக்கியமானது. பாலத்தின்மேல் உண்மையான புகையிரதம் ஒன்று ஓடிவர வேண்டும், அது பாலத்தில் இருக்கும்போதே வெடி வெடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பார்க்க வந்திருந்தார். பல இடங்களில் கமராக்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கமராக்காரரும் கமராவை ஓடவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போனபின் தாம் விலகிவிட்டதாக அடையாளம் காட்ட வேண்டும். எல்லோருடைய அடையாளமும் வந்தால்தான் வெடி. புகையிரதம் புறப்பட்டது, சாரதி குதித்து இறங்கிவிட்டார். ஆனால் ஒரு கமராக்காரரின் அடையாளம் மட்டும் வரவில்லை. லீன் வெடிக்க உத்தரவு கொடுக்கவில்லை. ஆளில்லாத புகையிரதம் பாலத்தைக் கடந்து ஓடி, அக்கரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதி நொறுங்கியது. அதைச் சீர்செய்து மறுநாள் காலையில் திரும்பவும் ஓடவிட்டு, அன்றுதான் பாலத்தைத் தகர்த்தார்கள்.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். ஆனால் கருவி செய்பவனும் கருவியைப் பிடிப்பவனும் கற்க வேண்டிய இரு பாடங்கள் இதில் உள்ளன. முதலாவது, அடையாளம் வராவிட்டால் ஆபத்து உண்டு என்றே கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு இருந்ததால் ஒரு மனிதனின் உயிரோடு யாரும் விளையாடவில்லை. இரண்டாவது, கை விட்டபின்னும் ஓடுகின்ற வண்டி எவர் சொல்லையும் கேளாது. வெடிக்கு ஒரு பூட்டு இருந்தது. வண்டிக்குப் பூட்டு இருக்கவில்லை.

சுமையும் சரிவும்

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் பல, சொந்த மண்ணை விட்டு எழும்பி வந்தவை. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் போரினால் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவர்கள் உண்டு. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது வீட்டையும் தோட்டத்தையும் உறவினரையும் ஒரே நாளில் இழந்தவர்களும் உண்டு. புதிதாகக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் எவரும் விரும்பாத நிலமே. வீடு மேலே, பயிர் கீழே, தெரு அதற்கும் மேலே. கொழுந்தானாலும் மரக்கறியானாலும் உரமூட்டையானாலும் தலையிலோ தோளிலோதான் ஏற வேண்டும். அந்தச் சுமையில் பெரும்பங்கு பெண்களுடையது.

இப்படியான ஒரு குடியிருப்பிலிருந்து சில குடும்பத்தவர் எம்மிடம் வந்து, "பாதர், சரிவில் இரண்டு இரும்புப் பாதை போட்டு ஒரு ட்ரொலி ஓட்டினால் என்ன?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இந்தப் பள்ளத்தாக்குக்குச் சிறு தண்டவாளம் புதியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டை வரை இரண்டரை அடி அகலமுள்ள களனிப் பள்ளத்தாக்குப் பாதை வந்தது. மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. தேயிலையும் இறப்பரும் அதில்தான் துறைமுகத்துக்குப் போயின. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. இரத்தினபுரிக் கிளை 1970களில் ஓய்ந்தது. எஞ்சிய அவிசாவளைப் பாதை 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது.

வேறு நாட்டு விவசாயிகளும் இவ்வழியில் யோசித்திருக்கிறார்கள். ஜப்பானில் 1960களிலேயே தோடம்பழத் தோட்டச் சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் சிறு இயந்திர வண்டி வந்துவிட்டது. பாதையோடு ஒட்டிய பற்களைக் கவ்விக்கொண்டு அது ஏறும். இறங்கும்போது வேகம் கூடாமல் ஒரு பிரேக் தானாகவே பார்த்துக்கொள்ளும். பாதையின் முடிவில் உள்ள தடுப்பு, வண்டியின் லீவரைத் தட்டி நிறுத்திவிடும். கம்போடியாவில் 1979இல் போல் பொட் ஆட்சி விழுந்தபின், எல்லாம் இழந்த மக்கள் கைவிடப்பட்ட புகையிரதப் பாதையில் மூங்கில் தட்டும் சிறு எஞ்சினும் வைத்து 'நோரி' என்ற வண்டியை ஓட்டினார்கள். எதிரெதிரே இரண்டு வந்தால் சுமை குறைந்ததைக் கழற்றி இறக்கி மற்றதற்கு வழிவிடுவது அவர்களே வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஏழை மக்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்பவர்கள் இதைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

எமது தவறு

வெல்டிங் வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் முன்வந்தார். கோண இரும்பில் பாதை, பழைய இரும்பில் சக்கரம், ஐந்து குதிரைவலு பெற்றோல் எஞ்சின், பெல்ட். லீவர் எப்படி இருக்க வேண்டும் என்று நாமும் சேர்ந்து யோசித்தோம். லீவரைப் பிடித்து இழுத்தால் பிரேக் விடுபட்டு பெல்ட் இறுகும், கையை விட்டால் ஸ்பிரிங் பிரேக்கைப் போடும் என்று முடிவாயிற்று. புகையிரதச் சாரதிகளின் கைப்பிடியிலும் மிதியிலும் நூறு வருடங்களுக்கு மேலாக உள்ள ஏற்பாடுதான் இது. சாரதி மயங்கி விழுந்தாலும் வண்டி நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ட்ரொலி நன்றாக ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில் செய்தி வந்தது. மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்த வண்டியில் பெற்றோல் முடிந்து எஞ்சின் நின்றுவிட்டது. வண்டி நின்றிருக்க வேண்டும். ஆனால் நிற்காமல் பின்னோக்கி ஓடியது. கீழே நின்ற முதியவர் ஒருவரின் காலை முறித்துவிட்டு, பலா மரத்தில் மோதி நின்றது.

போய்ப் பார்த்தோம். லீவர் சைக்கிள் டியூப்பால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் பொறுப்பற்றவர் அல்லர். வண்டியை ஓட்டுவதும் மூட்டை சரியாமல் பிடிப்பதும் அவர் ஒருவரே. இறப்பர் வெட்டி மரத்துப்போன கை அவருடையது. நாம் வைத்த ஸ்பிரிங் அவ்வளவு கடினம். ஐந்து நிமிடம் பிடித்தால் விரல்கள் சோர்ந்துவிடும். கைக்கு வலித்தது, அதனால் கட்டினார்.

முதலில் நாம் அவரைக் கடிந்துகொண்டோம். பிறகு வெட்கப்பட்டோம். கல்லைப்போல் கனத்த லீவரைக் கொடுத்துவிட்டு 'விடாமல் பிடி' என்று போதித்தவர்கள் நாம்தானே. மனிதரால் சுமக்க முடியாத பாரத்தைக் கட்டி அவர்கள் தோளில் வைப்போரை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்று ஞாயிறுதோறும் பிரசங்கிக்கின்ற எமக்கே அது உறைக்கவில்லை.

பெரிய நாடுகளிலும் இதே தவறு நடந்திருக்கிறது. 2003 ஜனவரி 31இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாட்டர்ஃபால் என்னும் இடத்தருகே ஒரு பயணிகள் புகையிரதத்தின் சாரதி மாரடைப்பால் செயலிழந்தார். அவரது கால் பாதுகாப்பு மிதியின் மேல் இருந்தது. கால் தளர்ந்தால் மிதி எழும்பி வண்டி நிற்க வேண்டும். ஆனால் செயலிழந்த உடலின் பாரமே மிதியை அமுக்கிப் பிடித்தது. வண்டி வேகமெடுத்து வளைவில் தடம்புரண்டது. சாரதியோடு ஏழு பேர் இறந்தனர். பாதுகாப்பு இருந்தது, ஆனால் உயிருள்ள காலுக்கும் உயிரற்ற காலுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியவில்லை. எமது லீவருக்கும் மனிதக் கைக்கும் சைக்கிள் டியூப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பூட்டின் மூன்று விதிகள்

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. புகையிரதத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்து கேட்டோம். அவர் சொன்னதையும் நாம் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

புகையிரத உலகில் ஒன்றையொன்று பூட்டும் லீவர்கள் 1856இலேயே வந்துவிட்டன. ஜோன் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் அவ்வாண்டு காப்புரிமை பெற்றார். தண்டவாளம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது அதற்கு மாறான கைகாட்டியை இழுக்க முடியாதபடி லீவர்களை இணைத்தார். தவறு செய்யாதே என்று எழுதி ஒட்டுவதற்குப் பதிலாகத் தவறான அசைவுக்கே இடமில்லாமல் செய்தார். இதைத்தான் இடைப்பூட்டு என்கிறோம்.

மின்சார இழுவை வண்டிகளின் சாரதி மேசையில் அதே யோசனை இரண்டு பிடிகளாக அமைந்தது. ஒன்று வேகப் பிடி, மற்றது திசைப் பிடி. அவற்றுக்கு மூன்று விதிகள் உண்டு. வேகப் பிடி நிறுத்த நிலையில் இல்லாவிட்டால் திசைப் பிடி அசையாது. திசைப் பிடி முன்னுக்கோ பின்னுக்கோ முழுமையாகப் போகாவிட்டால் வேகப் பிடி அசையாது. திசைப் பிடி நடுநிலையில் இருந்தால் மட்டுமே அதைக் கழற்றி எடுக்கலாம். சாரதி இறங்கும்போது அதைக் கையோடு கொண்டுபோனால் வேறெவரும் வண்டியை எடுக்க முடியாது.

எமது ஒற்றைத் தண்டவாளப் புகையிரதப் பாதைகளில் ஒரு நிலைய அதிபர் சாரதிக்கு வளையத்தோடு கொடுக்கும் 'டெப்லட்' இதே ஞானத்தில் பிறந்தது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டெப்லட் மட்டுமே வெளியே வரும். அது எவரிடம் இருக்கிறதோ அவருக்கே அந்தப் பாதை.

புதிய லீவர்

இந்த விதிகளைப் பட்டறையில் இரும்பாக்கினோம். செய்ய விரும்புவோருக்காக முறையை எழுதுகிறோம்.

முதலில் பிரேக். பிரேக்கைப் போடுவது ஸ்பிரிங், எடுப்பது கை. கேபிள் அறுந்தாலும் ஆணி கழன்றாலும் பிரேக் விழ வேண்டும், விடுபடக் கூடாது. எமது புகையிரதங்களின் வேக்குவம் பிரேக்கும் அவ்வாறே. குழாய் அறுந்தால் வெற்றிடம் கெட்டு, பிரேக் தானாகப் பிடிக்கும்.

அடுத்தது கையின் பாரம். பிரேக் ஸ்பிரிங்கை விடுவிக்க 40 கிலோ இழுவை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லீவரின் சுழல் ஆணியிலிருந்து கேபிள் 3 அங்குலத்திலும் கைப்பிடி 24 அங்குலத்திலும் இருந்தால் கைக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோ போதும். ஆனால் 5 கிலோவையும் தொடர்ந்து பிடித்தால் கை வலிக்கும். ஆகவே இழுத்த லீவரை ஒரு சிறு இரும்பு நாக்கு தாங்கிக்கொள்ளும்படி செய்தோம். அந்த நாக்கைப் பள்ளத்தில் அமுக்கி வைத்திருப்பது, கைப்பிடியின் கீழுள்ள சிறு பிடி. அதைப் பிடிக்க ஒரு குழந்தையைத் தூக்கும் பலமும் வேண்டியதில்லை. பிடி தளர்ந்தவுடன் நாக்கு எழும்பும், லீவர் பின்னே பாயும், பெல்ட் தளரும், பிரேக் விழும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நாக்கின் முகம் நேராக வெட்டப்பட்டிருந்தால் பாரத்தில் இறுகி மாட்டிக்கொள்ளும். அதைச் சற்றுச் சரிவாக அரத்தால் ராவ வேண்டும். அப்போது பிரேக் ஸ்பிரிங்கின் இழுவையே நாக்கை வெளியே தள்ளும். கை மட்டுமே அதைத் தடுத்து நிற்கும்.

மூன்றாவது, சரிவில் வரிசை. சமதரையில் பிரேக்கை எடுத்தபின் எஞ்சினை இணைக்கலாம். சரிவில் அப்படிச் செய்தால் இடைப்பட்ட கணத்தில் வண்டி பின்னே ஓடும். பெல்ட் இறுகத் தொடங்கிய பின்பே பிரேக் முழுமையாக விடுபடும்படி கேபிளைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு மேல், அச்சில் ஒரு பற்சக்கரமும் விழுநாக்கும் பொருத்தினோம். ஏறும்போது அந்த நாக்கு பல்லுக்குப் பல் விழுந்துகொண்டே வரும். எஞ்சின் நின்றாலும் வண்டி ஒரு பல்லுக்கு மேல் பின்வாங்காது. இது அன்று இருந்திருந்தால் பெரியவரின் கால் முறிந்திராது.

நான்காவது, திசைப் பிடி. திசையை 'இறங்கு' என்ற பக்கம் தள்ளினால்தான் விழுநாக்கு எழும்பும். லீவர் நிறுத்த நிலையில் இல்லாவிட்டால் திசைப் பிடி அசையாதபடி, லீவரோடு சேர்ந்து நகரும் தகட்டின் விளிம்பு திசைத் தகட்டின் காடியில் போய் நுழையும். திசை முழுமையாக விழாவிட்டால் காடி நேருக்கு வராது, லீவர் இழுபடாது. நடுநிலையில் மட்டும் பிடியைக் கழற்றலாம். பாதையில் இறங்கிக் கல் அகற்றுபவர், சக்கரத்துக்கு எண்ணெய் விடுபவர் எவராயினும், அந்தப் பிடி தம் மடியில் இருக்கும்போது மட்டுமே இறங்குவார். வண்டிக்குப் பிடி ஒன்றே ஒன்று. மேலதிகமாக ஒன்று செய்து வைப்பது பூட்டுக்குக் கள்ளச் சாவி செய்வதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, எஞ்சினை நிறுத்தும் கம்பி. கையை விட்டால் எஞ்சினும் நிற்கட்டும் என்று பலர் ஒரு சுவிட்ச் வைப்பர். வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சிறு பெற்றோல் எஞ்சின்களில் அந்தக் கம்பி எஞ்சினின் உடலைத் தொடும்போதுதான் தீப்பொறி நிற்கும். கம்பி அறுந்தால் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். மேலும் சரிவில் எஞ்சின் நிற்பதால் மட்டும் வண்டி நிற்பதில்லை. அதை நாம் நேரில் கண்டோம்.

ஆறாவது, பாதையின் இரு முனைகளிலும் லீவரைத் தட்டிவிடும் தடுப்பு. அதற்கு அப்பால் பழைய ரயர்களும் மணல்மூட்டையும்.

இவற்றோடு, லீவருக்குத் தொடர்பில்லாமல் தண்டவாளத்தையே கவ்வும் கைப்பிரேக் ஒன்றும் வேண்டும். கித்துல்கல மழையை அறிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நனைந்த இரும்பும் அதன்மேல் விழுந்த இலையும் எண்ணெய் பூசியதைப்போல் வழுக்கும். சக்கரம் பூட்டப்பட்டு அசையாமல் நிற்கும்போதே வண்டி சறுக்கிப் போகும். பெரிய எஞ்சின்களே மணல்பெட்டி வைத்துச் சக்கரத்தின் கீழ் மணல் தூவுகின்றன.

ஆட்களை ஏற்றலாமா?

கூடாது. இதைக் கேட்காத குடியிருப்பு இல்லை. பிள்ளைகள் பாடசாலை விட்டுக் களைத்து வருகிறார்கள், ஒரு தடவை ஏற்றினால் என்ன என்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்.

1889 ஜூன் 12இல் அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு மறைப்பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டனர். ஏற்றத்தில் எஞ்சினால் இழுக்க முடியவில்லை. பெட்டிகளை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை முதலில் கொண்டுபோகலாம் என்று தீர்மானித்தார்கள். அந்தப் பிரேக், இணைப்புக் கழன்றால் பிடிக்கும் வகையல்ல, விட்டுவிடும் வகை. ஆகவே பின்பகுதிப் பத்துப் பெட்டிகளைத் தாங்கியது காவலரின் ஒரு கைப்பிரேக்கும் சக்கரத்தின் கீழ் வைத்த கற்களும்தான். முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்னே வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் ஓடி, பின்னால் வந்த புகையிரதத்தில் மோதின. 80 பேர் இறந்தனர், அவர்களில் பலர் பிள்ளைகள். அதே வருடம் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, பயணிகள் புகையிரதங்களுக்குத் தானாக விழும் பிரேக்கையும் லீவர்களின் இடைப்பூட்டையும் கட்டாயமாக்கியது.

சக்கரத்தின் கீழ் கல் வைப்பதை நாம் எல்லோரும் செய்கிறோம். லாண்ட்மாஸ்டருக்கும் வைக்கிறோம், தண்ணீர் பவுசருக்கும் வைக்கிறோம். அடுத்த முறை கல்லை எடுக்கும்போது அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அது பழங்கதை என்றும் எண்ண வேண்டாம். 2024 பெப்ரவரி 25இல் இந்தியாவின் கத்துவா நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சரக்குப் புகையிரதம் ஒன்று, கைப்பிரேக் சரியாகப் போடப்படாமல் சாரதியின்றிப் புறப்பட்டு, 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பஞ்சாப்பில்தான் நிறுத்தப்பட்டது. எவரும் இறக்கவில்லை என்பது கடவுளின் கருணை.

ஓட்டுவதற்கு முன் சோதனை

மூட்டை ஏற்றுவதற்கு முன், குடியிருப்பார் எல்லோரும் பார்க்க, கீழே எவரும் நில்லாதபடி ஒழுங்குசெய்து, பின்வரும் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

1. வெறும் வண்டியை நடுச்சரிவில் நிறுத்திக் கையை விடுங்கள். பிறகு முழுச் சுமையோடும், மழையில் நனைந்த பாதையிலும் அதையே செய்யுங்கள்.
2. ஓடும்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிரேக் விழ வேண்டும்.
3. ஏறும்போது எஞ்சினை நிறுத்துங்கள். விழுநாக்கு பிடிக்க வேண்டும்.
4. லீவர் இழுபட்டிருக்கையில் பலமுள்ள ஓர் இளைஞர் திசைப் பிடியைத் தள்ளிப் பார்க்கட்டும். அசையக் கூடாது.
5. குடியிருப்பிலேயே கை மெலிந்த ஒரு தாயை அழைத்து, அடிமுதல் நுனிவரை சிறு பிடியைப் பிடித்து வரச் சொல்லுங்கள். அவருக்குக் கை வலித்தால் வண்டியைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

எமது முதல் வண்டி தோற்றது ஐந்தாவது சோதனையில்தான். அந்தச் சோதனையை நாம் அன்று வைக்கவேயில்லை. ஓட ஒருவர், சுமையைப் பார்க்க ஒருவர் என்று இருவர் இல்லாமல் வண்டி புறப்படக் கூடாது என்ற ஒழுங்கையும் இப்போது குடியிருப்பாரே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிள் டியூப் கட்டியவரே இன்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் வண்டியைச் சோதிக்கும் பொறுப்பாளர். அவரைவிட அந்த லீவரை அறிந்தவர் எவருமில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இவ்வகை வண்டி சொந்த நிலத்தில், சொந்தப் பாதையில் மட்டுமே. புகையிரதத் திணைக்களத்தின் பாதையில் இதை வைப்பது சட்டவிரோதம், உயிராபத்தும் கூட.

கூரையின் கைப்பிடிச் சுவர்

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் வேலையில் காயப்பட்டால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வேலை கொடுப்பவரிடம் நட்டஈடு கேட்கலாம். சொந்த நிலத்தில் சொந்த ட்ரொலியில் அடிபட்டவர் எவரிடம் போவார்? வேலை கொடுத்தவரும் அவரே, வேலை செய்தவரும் அவரே. கால் முறிந்த பெரியவரின் வீட்டில் அந்தப் போகம் பயிர் வைக்கப்படவில்லை. அயலவர் கூடி அரிசியும் வைத்தியச் செலவும் கொடுத்தார்கள். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இருக்கும் ஒரே காப்புறுதி அயலவர்தான். அதனாலேயே எமது கருவிகளில் உள்ள பாதுகாப்பு, பணக்காரருடைய கருவிகளில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். விழுந்தவன் கவனமாக நடந்தானா என்று அந்தக் கட்டளை கேட்கவில்லை. கட்டியவன் சுவர் வைத்தானா என்றே கேட்கிறது. பாலைவனத்தில் அலைந்து, இனி ஒரு நாட்டில் குடியேறப் போகின்ற மக்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை அது. உங்களைப் போன்ற மக்களுக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்ல என்று பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலிலும் இதே எண்ணம் விரிகிறது.

பெரியவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். புதிய வண்டியை ஆசீர்வதிக்க எம்மை அழைத்தபோது அவரும் வந்திருந்தார். செபம் முடிந்ததும், "பாதர், தீர்த்தம் தெளித்தது போதும், கையை விட்டுக் காட்டச் சொல்லுங்கள்" என்றார். ஓட்டியவர் நடுச்சரிவில் கையை விட்டார். வண்டி நின்றது.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

• எமது வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள எந்த இயந்திரத்தில் பாதுகாப்பைக் கட்டி வைத்திருக்கிறோம், அல்லது கழற்றி வைத்திருக்கிறோம்? ஏன்?

• அந்தக் கருவி எவருடைய கைக்காகச் செய்யப்பட்டது? உண்மையில் அதைப் பிடிப்பவர் யார்?

• ஒருவர் காயப்பட்டால் அவர் குடும்பத்தைத் தாங்க எமது சங்கத்தில் மாதந்தோறும் சிறு தொகை சேர்க்க முடியுமா?